ஒரு சொல்லுக்கு இரண்டு வெட்டு: அசையும் பகுதியும் ஆங்கில வினையடையும்

தேயிலை என்னும் சொல்லை மூன்று விதமாகப் பிரிக்கலாம். வாய் உயிரொலி எழுப்பும் கணக்கில் அது தே-யி-லை, மூன்று ஒலியசைகள். யாப்புக் கணக்கில் தே-யிலை, நேரும் நிரையும் சேர்ந்த கூவிளம், இரண்டே அசைகள். பொருட்கணக்கில் தே, இலை என இரு சொற்கள். நடுவில் நிற்கும் யகரம் இரண்டில் எதற்கும் உரியதன்று, அது உடம்படுமெய். முற்பாதி சீனக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்தது, பிற்பாதி தமிழ். ஒரே சொல்லின்மேல் மூன்று கோடுகள் மூன்று இடங்களில் விழுகின்றன. எந்தக் கோடும் பிழையன்று. ஒன்று செவிக்கு உரியது, ஒன்று செய்யுளுக்கு உரியது, ஒன்று பொருளுக்கு உரியது.

தமிழை முறையாகக் கற்ற உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இது புதிதன்று. குறளை அலகிடவும் வினைமுற்றைப் பகுபத உறுப்புகளாகப் பிரிக்கவும் அவர் வெவ்வேறு வகுப்பு நாள்களில் பழகியிருப்பார். இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதே மாணவர் மணியடித்து அடுத்த பாடவேளையில் ஆங்கில நூலைத் திறந்ததும், இந்த அறிவு முழுவதையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரும்படி பணிக்கப்படுகிறார். உள்ளே அவருக்குத் தரப்படுவது ஒரே ஒரு கத்தி. அதுவும் மழுங்கியது.

இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லியை எடுத்துக்கொள்க. சின்னக்கானல் ஊராட்சிக்குள் தேயிலைத் தோட்டங்களால் சூழப்பட்ட ஊர். அங்கிருந்து ஜீப்பில் மேலேறினால் வரும் கொழுக்குமலை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. வீட்டில் தமிழ், கடைவீதியிலும் அலுவலகத்திலும் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கும் மூன்று எழுத்துமுறைகளுக்கும் நடுவில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வளர்கின்றனர். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அம்மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகம் தமிழ்வழிப் பாடநூல்களை வெளியிடுகிறது. 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மலையாளக் கற்பித்தலும் கட்டாயமாயிற்று. மொழி அறிவில் இத்தனை வளமுடைய பிள்ளைகள் ஆங்கிலத்தில் மட்டும் 'பின்தங்கியவர்' எனப் பெயர் வாங்குகின்றனர். அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னர், அவர்களுக்கு ஆங்கிலச் சொல் எவ்வாறு காட்டப்படுகிறது என்பதை ஆராய்ந்திருக்க வேண்டும்.

கரும்பலகையில் ஒரு நீண்ட வினையடை எழுதப்படுகிறது. இன்டர்நேஷனலி என்று வைத்துக்கொள்வோம். அதன்கீழ் தமிழ் எழுத்தில் இன்-டர்-நே-ஷ-ன-லி என ஆறு துண்டுகள். வகுப்பு மூன்று முறை உரத்துச் சொல்கிறது. 'வெட்டிப் படித்தால் எந்தச் சொல்லும் எளிது' என்பது முழக்கம். பேச்சாங்கிலப் பயிற்சி நிலையங்களின் சுவரொட்டி முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் வரை இம்முழக்கம் கேட்கிறது. ஆறு துண்டுகளையும் பிழையின்றி ஒப்பித்த பிள்ளையிடம் 'இதில் உனக்கு முன்பே தெரிந்த சொல் எது?' என்று கேட்டால் மௌனமே விடை. 'நேஷன்' என்ற சொல் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நே-ஷ-ன என்று நறுக்கிய பிறகு அது கண்ணுக்குப் படுவதில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாததாக்கும் கற்பித்தல் முறைக்கு 'எளிய வழி' என்று பெயர்.

நீண்ட சொல்லை ஒப்பிப்பதே அறிவு என்னும் மயக்கம் ஏழை வீடுகளோடு நிற்பதுமில்லை. 2018 அக்டோபரில் சசி தரூர் தம் நூலை அறிவிக்கும் ட்விட்டர் பதிவில் 29 எழுத்துகள் கொண்ட ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லைக் கையாண்டபோது, அதைத் துண்டு துண்டாக்கி உச்சரித்துக் காட்டும் வேடிக்கை சில நாள்கள் ஓடியது. அச்சொல்லின் முதற்பகுதிகள் நான்கும் 'அற்பம்', 'ஒன்றுமில்லை' என ஏறத்தாழ ஒரே பொருள் தரும் இலத்தீன் சொற்கள் என்பதும், பழைய இலத்தீன் பாடநூலை வைத்து யாரோ செய்த நகைச்சுவை அது என்பதும் பேசப்படவில்லை. ஒலி நீண்டது, நகைச்சுவை விழுந்துவிட்டது.

இனி இன்டர்நேஷனலி என்பதைப் பொருள்வழி வெட்டிப் பார்க்க. இன்டர், நேஷன், அல், லி. நான்கு உறுப்புகள். ஒலிவழி ஆறு, பொருள்வழி நான்கு. எண்ணிக்கை மட்டுமன்று, வெட்டு விழும் இடமும் வேறு. நேஷன் என்பதன் இறுதி னகர மெய், அடுத்து வரும் அல் என்பதன் உயிரோடு கூடி 'ன' என ஓர் ஒலியசைக்குள் போய்விட்டது. மெய்யீற்றின்முன் உயிர் வந்தால் இரண்டும் ஒன்றிவிடும் என்பது நன்னூல் படித்தவர் எவரும் அறிந்த பாலபாடம். பாடல் என்பதோடு இல் சேர்ந்து பாடலில் ஆகும்போது லகரம் எங்கே போகிறதோ அங்கேதான் நேஷனின் னகரமும் போகிறது. ஆங்கில ஒலியியலார் இதற்கு வேறு பெயர் வைத்துள்ளனர், நிகழ்வு ஒன்றே.

இன்னொன்றும் இங்கு நோக்கத்தக்கது. நேஷன் என்று தனித்து ஒலிக்கும்போது முதலுயிர் நீண்ட ஒலி. அல் விகுதி சேர்ந்ததும் ஆங்கிலேயர் நாவில் அது குறுகி, ஆவுக்கும் ஏவுக்கும் இடைப்பட்ட வேறோர் உயிராகிவிடும். தமிழில் அந்த உயிருக்கு எழுத்தில்லை. இரண்டையும் 'நேஷ' என்றே எழுதிவிடுவதால் மாற்றம் மறைந்துபோகிறது. இதனை ஆங்கில வகுப்பில் விளக்குவது கடினம் என்பர். கடினமா? 'வந்தான்' என்பதற்குப் பகுபத உறுப்பிலக்கணம் எழுதாத தமிழ் மாணவர் உண்டா? வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது 'ந்' ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. விகுதி சேரும்போது பகுதியின் நெடில் குறுகக்கூடும், குறுகினாலும் பகுதி அதேதான் என்னும் நுட்பத்தைத் தமிழாசிரியர் ஏற்கெனவே ஊட்டிவிட்டார். பவணந்தியார் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்துத் தந்து ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. சுவருக்கு அப்பால் இருக்கும் ஆங்கில வகுப்புக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

ஒலிவெட்டும் பொருள்வெட்டும் முரணும் இடத்துக்கும் தமிழில் ஒரு பெயர் உண்டு. சீர் பிரிக்கும்போது ஒரு சொல்லின் பாதி ஒரு சீரிலும் மறுபாதி அடுத்த சீரிலுமாகப் பொருள் சிதைந்து நிற்பதை வகையுளி என்பர். பதிப்பு வரலாற்றில் இது வெறும் கலைச்சொல்லாக இருந்ததில்லை. செய்யுளைச் சீர்வழி அச்சிடுவதா, சொல்வழி சந்தி பிரித்து அச்சிடுவதா என்பது பதிப்பாசிரியரை உண்மையாகவே வருத்திய வினா. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் பொதுவாசகரை எண்ணிச் சந்தி பிரித்து வெளியிட்டன. யாப்பு குலைகிறது என்ற கவலை ஒருபுறம். படிப்பவருக்குப் பொருள் விளங்க வேண்டுமே என்ற கவலை மறுபுறம். இவ்வளவு நுண்ணிய உரையாடலை நடத்திய மொழியின் பிள்ளைகளுக்கு, ஆங்கிலச் சொல்லில் வகையுளி நேர்ந்திருக்கிறது என்று சொல்ல ஓர் ஆசிரியரும் முன்வராதது வியப்பே.

சூரியநெல்லி என்னும் ஊர்ப்பெயரையே செவியால் மட்டும் கேட்டால் சூரிய, நெல்லி என்றும் வெட்டலாம்; சூரியன், எல்லி என்றும் வெட்டலாம். நகரம் தந்நகரமா றன்னகரமா என்பதை எழுத்துதான் தீர்க்கிறது. தமிழ் எழுத்து காட்டும் இந்த வேறுபாட்டை இன்றைய தமிழ் நா இழந்துவிட்டது. மலையாள நா காத்துவைத்திருக்கும் வேறுபாட்டை மலையாள எழுத்து தனித்துக் காட்டுவதில்லை. இரு மொழியும் அறிந்த பிள்ளைக்கு ஒலி வேறு, எழுத்து வேறு, உறுப்பு வேறு என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஊர்ப்பெயர்ப் பலகையே பாடநூல்.

'அகராதியிலேயே புள்ளி வைத்துப் பிரித்திருக்கிறார்களே' என்பது வெட்டிப் படிக்கும் கட்சியின் வலிய சான்று. இது அகராதியைப் படிக்கத் தெரியாமையிலிருந்து எழுவது. அமெரிக்க அகராதிகளின் தலைச்சொல்லில் காணும் நடுப்புள்ளிகள், அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்பவை. அவை ஒலியசையின் எல்லைகள் அல்ல. அபான்டன் என்னும் சொல்லுக்கு மூன்று ஒலியசைகள். மெரியம்-வெப்ஸ்டர் தலைச்சொல்லில் ஒரே புள்ளி. காரணம் எளிது: வரியின் இறுதியில் ஒற்றை எழுத்தைத் தனியே விடுவது அச்சு மரபன்று. ஒலிப்பிரிப்பு வேண்டுவோர் அதன் அருகிலுள்ள உச்சரிப்புக் குறிகளைப் பார்க்க வேண்டும். அங்கே பிரிவு வேறாக இருக்கும்.

அச்சுப்புள்ளியிலும் ஆங்கிலேயர் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். டில்வொர்த்தின் 1740-ஆம் ஆண்டு எழுத்துக்கூட்டு நூல் சொற்களைப் பிரித்த முறையை நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளிவந்த தம் நூலில் கடிந்தார். க்ளஸ்டர் என்பதில் சகரம் முன்னே நிற்க வேண்டுமா, பின்னே போக வேண்டுமா என்பதுபோன்ற வழக்கு அது. ஒலிப்பதுபோல் பிரிக்க வேண்டும் என்றார் அவர். அமெரிக்கர் அவ்வழி சென்றனர். பிரித்தானிய அச்சு மரபு சொற்பிறப்புக்கு மதிப்பளித்தது. அதனால்தான் டெமாக்ரசி என்பதை அட்லாண்டிக்கின் ஒரு கரையில் 'டெமாக்' என்பதன்பின் உடைப்பர். மறுகரையின் மரபு 'டெமோ' என்பதன்பின் உடைத்தது. முன்னது செவியின் வெட்டு, பின்னது பொருளின் வெட்டு. இந்தியப் பள்ளிகள் பிரித்தானிய எழுத்துக்கூட்டைக் கற்பித்துக்கொண்டே அமெரிக்கப் புள்ளியைக் கடன்வாங்கி, அதனை ஒலிப்பிரிப்பு என்று தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகின்றன. ஒரே வரியில் மூன்று குழப்பங்கள். ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்க்ளின் லியாங் 1983-இல் அளித்த ஆய்வேடு கணினிக்குச் சொல்லுடைப்பைக் கற்பிக்கும் வடிவங்களைத் தந்தது. டெக் மென்பொருளில் ஆய்வேடு அச்சிடுவோர் அதன் பயனை இன்றும் துய்க்கின்றனர். ஆனால் 'ரெக்கார்ட்' பெயராக நிற்கிறதா, வினையாக நிற்கிறதா என்பதைப் பொறுத்து உடைப்பு மாறும் இடத்தில் எழுத்து வரிசையை மட்டும் நோக்கும் வடிவம் தடுமாறும். பொருள் அறியாமல் வெட்டும் கருவிக்கு நேரும் இத்தடுமாற்றம் பொருள் அறியாமல் வெட்டும் பிள்ளைக்கும் நேரும். வேறுபாடு என்னவெனில், கருவிக்கு யாரும் 'மந்தம்' என்று பெயர் வைப்பதில்லை.

தமிழ்த் துறைகளும் இதில் குற்றமற்றவை அல்ல. ஆங்கிலத்தின் ஒலிக்கூறைக் கலைச்சொல்லாக்கும்போது 'அசை' என்ற சொல்லை எடுத்துப் பொருத்திவிட்டு, 'தொல்காப்பியர் அன்றே சொன்னார்' என்று பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. தொல்காப்பியச் செய்யுளியலின் அசை அதுவன்று. நேரசை ஓர் உயிரைக் கொண்டது. நிரையசை இரண்டு உயிர்களைக் கொண்டது. 'மலை' யாப்பில் ஓர் அசை, ஒலியில் இரண்டு. குறிலின் பின் வரும் எழுத்தை அணைத்துக்கொள்ளும் நிரையசை தமிழ்த் தாளத்தின் தனித்த கண்டுபிடிப்பு. அதனை ஆங்கிலக் கலைச்சொல்லின் மொழிபெயர்ப்பாகச் சுருக்குவது பெருமையன்று, இழப்பு. ஒலியசை என்று வேறு சொல் வழங்கினால் குழப்பம் நீங்கும். முன்னோர் சொன்னதைக் கொண்டாடுவோர் முதலில் அவர்கள் சொன்னதைப் படிக்கலாம்.

வினையடையின் வால் 'லி'. இதன் கதையும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் உடல், வடிவம் என்று பொருள்பட்ட ஒரு பெயர்ச்சொல் தேய்ந்து தேய்ந்து விகுதியானது. 'போல' என்று பொருள்படும் லைக் என்பதும் அதன் உறவே. பிரெஞ்சு மொழியில் வினையடை ஆக்கும் 'மான்' விகுதி மனம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் உடலையும் பிரெஞ்சுக்காரர் மனத்தையும் வாலாக்கினர். தமிழர் 'ஆகு' என்னும் வினையின் எச்சமான ஆக என்பதை வாலாக்கினர். மலையாளத்தில் அது ஆயி. சந்தோஷமாக, சந்தோஷமாயி என்று இரு மொழியிலும் நாள்தோறும் வினையடை ஆக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது லி என்று சொல்ல அரை நிமிடம் போதும். அழகு என்பதோடு ஆக சேரும்போது உகரம் கெட்டு அழகாக ஆகிறது. சிம்பிள் என்பது சிம்ப்ளி ஆகும்போது ஈற்றெழுத்துகள் கெடுகின்றன. ஹாப்பி என்பது ஹாப்பிலி ஆகும்போது எழுத்தில் ஒய் என்பது ஐ எனத் திரிகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று சொற்களைக் கற்ற வகுப்புக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு விதிகளைத் தனித்தனி அதிசயங்களாகக் கற்பிப்பது நேர விரயம்.

சாரியையும் அங்கே உண்டு. மரம் என்பதோடு ஐ சேரும்போது அத்து எங்கிருந்தோ வந்து உட்கார்ந்து மரத்தை ஆகிறது. அத்துக்குத் தனிப்பொருள் இல்லை, அது இல்லாமலும் முடியாது. ஆட்டோமாட்டிக் என்பதோடு லி சேரும்போது எழுத்தில் 'அல்' வந்து அமர்கிறது. ஆட்டோமாட்டிக்கல் என்று இன்று எவரும் வழங்குவதில்லை. ஆயினும் அல் இல்லாமல் அந்த வினையடையை எழுத முடியாது. சாரியை எல்லா இடத்திலும் வராததுபோலவே இதுவும். பப்ளிக் என்பதோடு லி நேரடியாகவே சேரும். ஹிஸ்டாரிக்கல் போன்ற சொற்களில் அல் உறுப்பு பொருள் வேறுபாடும் தருவதால் ஒப்புமையை அளவோடு நிறுத்த வேண்டும். இந்த எழுத்து 'அல்' ஒலியில் பெரும்பாலும் மறைந்துவிடும் என்பது கூடுதல் செய்தி. ஆங்கிலேயர் பேசிக்லி என மூன்று ஒலியசையில் முடிப்பதைத் தமிழகக் கருத்தரங்குகள் பேசிக்கலி என நான்காக நீட்டுகின்றன. அச்சொல்லோடு தொடங்காத கருத்தரங்க உரை அரிது. எழுத்துப்புள்ளியை ஒலிப்பிரிப்பாகப் பயின்றதன் விளைவு பேராசிரியர் நாவிலும் தங்கியிருக்கிறது.

லி கண்ட இடமெல்லாம் வினையடை என்று கற்பிப்பதும் வெட்டுக் கட்சியின் கைவரிசையே. ஃப்ரெண்ட்லி பெயரடை. ஃபாமிலி, அசெம்ப்ளி ஆகியவற்றில் லி விகுதியே அன்று. வேக, சாக என்பவற்றின் ஈற்றில் கேட்கும் ஒலியை 'ஆக' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் மயங்குவதில்லை. பகுதி எது என்று பார்க்கப் பழகியதே காரணம். அப்பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் நீட்டினால் போதும்.

அழுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆங்கில விகுதிகள் எல்லாம் ஒரே குணமுடையன அல்ல. இக் விகுதி சேர்ந்தால் சொல்லின் அழுத்தம் இடம்பெயரும். இகானமியில் இரண்டாம் ஒலியசையில் இருந்த அழுத்தம் எகனாமிக்கில் மூன்றாவதற்கு வந்துவிடும். அதன்மேல் லி ஏறினால் அழுத்தம் அசையாது. இவ்விரு வகை ஒட்டுகளை டாரத்தி சீகல் 1974-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் பிரித்துக் காட்டினார். அழுத்தத்தைக் குறிக்காத தமிழ் எழுத்தில் ஆறு துண்டுகளைச் சம அளவில் எழுதி ஒப்பிக்கச் செய்தால் இது தெரியவே தெரியாது. அதாவது வெட்டிப் படிக்கும் முறை, தான் தருவதாகச் சொல்லும் உச்சரிப்பைக்கூடத் தருவதில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையாகவே இடறும் இடம் சொல்லின் வால் அன்று, தலை. தமிழ்ப் பகுபதத்தில் பகுதி முதலில் நிற்கும். எதிர்மறை பின்னால் வரும். ஆங்கிலத்தில் அன், இன், டிஸ் என எதிர்மறை முன்னால் வந்து நிற்பதால், சொல்லின் தொடக்கத்தில் பகுதியைத் தேடும் கண் ஏமாறுகிறது. இதற்கும் வழி வீட்டிலேயே உள்ளது. 'அநியாயமாக' என்ற சொல்லைச் சொல்லாத தோட்டக் குடியிருப்பு இல்லை. அதனை யாப்புவழி அலகிட்டால் அநி-யா-யமா-க. பொருள்வழி வெட்டினால் அ, நியாயம், ஆக. ஆங்கிலத்தில் அன், ஜஸ்ட், லி. உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்கிறது. மலையாளத்தில் அன்யாயமாயி. மூன்று மொழிகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் முன்னொட்டு, பகுதி, விகுதி ஆகியன மூன்று நேர்க்கோடுகளாக இறங்கும். யாப்பின் வெட்டு 'யமா' என்ற அசைக்குள் நியாயத்தின் கடைசியையும் ஆகவின் முதலையும் சேர்த்துக் கட்டிவிட்டது என்பதையும் அங்கேயே காட்டலாம்.

இன் என்னும் முன்னொட்டு பாசிபிள் முன்னே இம் ஆவது ஏன் என்ற கேள்விக்கு மூணாறு மலைக்காரருக்கு ஆங்கில இலக்கண நூல் வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் போனசும் கூலியும் கேட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்த தேயிலைத் தொழிலாளப் பெண்கள், பெரும்பாலும் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள், தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் பெம்பிளை ஒருமை. பெண் என்பதும் பிள்ளை என்பதும் சேரும்போது ணகரம் பகரத்துக்கு இசைந்து மகரமாகிறது. இன் இம் ஆவதும் இதுவே. வரப்போகும் ஒலிக்கு உதடு முன்கூட்டியே தயாராகிறது. தமிழ் இலக்கணத்தில் ஓர் எண்ணைக் குறிக்கும் ஒருமை அங்கே ஒற்றுமையைக் குறித்தது என்பது வேறு செய்தி. நாடே அறிந்த அந்தப் பெயரை ஓர் இம்பாசிபிளுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்ட எந்த வகுப்பறைக்கும் தோன்றவில்லை.

இவையெல்லாம் இலக்கணப் புலவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர், நீண்ட வினையடைகள் எங்கே வாழ்கின்றன என்பதை நினைவிற் கொள்க. கதைநூல்களில் அவை குறைவு. ஆணைகள், ஒப்பந்தங்கள், கடன் பத்திரங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றில் அவை அடர்ந்து கிடக்கின்றன. ஊதிய உயர்வு ஒன்று ரெட்ரோஸ்பெக்டிவ்லி நடைமுறைக்கு வருமானால் கடந்த மாதங்களுக்கு நிலுவைத் தொகை உண்டு. ப்ராஸ்பெக்டிவ்லி வருமானால் ஒரு காசும் இல்லை. ஒலிவழி வெட்டினால் இரண்டும் ஸ்பெக்-டிவ்-லி என்றே முடிகின்றன. ஒன்றில் ஐந்து துண்டு, மற்றதில் நான்கு துண்டு என்பதற்குமேல் எதுவும் தெரியாது. பொருள்வழி வெட்டினால் ஸ்பெக்ட் வெளிப்படும். நோக்கு என்று பொருள். காவல்நிலைய இன்ஸ்பெக்டரில் இருப்பதும் அதுவே. மூக்குக்கண்ணாடிக்கு வழங்கும் ஸ்பெக்ஸ் என்பதும் அதன் சுற்றமே. ரெட்ரோ பின்னோக்கு, ப்ரோ முன்னோக்கு. தமிழ் அலுவலக வழக்கில் முதலாவதை 'முன்தேதியிட்டு' என்பர். தமிழுக்குக் கடந்தது முன், ஆங்கிலத்துக்குக் கடந்தது பின் என்னும் இத்திசைமாற்றத்தையும் ஆசிரியர் தொட்டுக்காட்ட வேண்டும். இல்லையெனில் ரெட்ரோ என்றால் பின் என்று மனப்பாடம் செய்த பிள்ளை முன்தேதியில் மோதி நிற்கும்.

வங்கிக் கடனுக்குப் பிணை கையெழுத்திடுவோர் முன்னே ஜாயின்ட்லி அண்ட் செவரலி என்ற தொடர் வரும். செவரல் என்றால் 'பல' என்று மட்டும் கற்றவருக்கு அது வெறும் சொல்லடுக்கு. பிரித்தல் என்னும் பொருளுள்ள பகுதியைக் கண்டவருக்கு அது 'தனித்தனியாகவும்' என்று விளங்கும். மற்றவர் கட்டாவிட்டால் முழுக் கடனையும் கையெழுத்திட்ட ஒருவரிடமே கேட்கலாம் என்பது அதன் சட்டப்பொருள். செ-வ-ர-லி என்று நறுக்கி ஒப்பித்த உச்சரிப்புக்கு அந்த நாளில் எந்தப் பயனும் இல்லை.

எதிர்வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை ஆகிய ஊர்ப் பள்ளிகளை ஒட்டி நடத்திய திட்டம், இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பிக்காமல் பொருளில் கவனம் செலுத்தும் பணிகள்வழி ஆங்கிலம் வரும் என்னும் கொள்கையில் எழுந்தது. 1987-இல் வந்த அவர் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. சொல்லுறுப்புகளை வகுப்பில் பெயர்சொல்லி விளக்குவது அப்பழைய இலக்கண வகுப்புக்குத் திரும்புவதாகாதா என்று கேட்பர். பிரபுவின் கவலை பொருளற்ற பயிற்சியைப் பற்றியது. அவ்வளவுகோலால் அளந்தால் முதலில் வெளியேற வேண்டியது ஆறு துண்டு ஒப்பித்தலே. ஸ்பெக்ட் என்ற பகுதியைக் கண்டு நிலுவை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது பொருளில் கவனம் செலுத்தும் பணியேயன்றி வேறென்ன?

'ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்' என்னும் மற்றொரு வாதத்துக்கு அவ்வளவு மதிப்புத் தரவேண்டியதில்லை. முதன்மொழியில் வளர்ந்த எழுத்தறிவு இரண்டாம் மொழிக்குக் கைகொடுக்கும் என்பதை ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே கருதுகோளாக வைத்தார். அதன்மேல் நடந்த விவாதங்களை அறியாதவர் மொழிக்கல்வித் துறையில் இருக்க முடியாது. ஆங்கிலம் மட்டும் என்று விதித்துவிட்டு அந்த ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் துண்டுபோட்டு எழுதிக்காட்டுவது எந்த வகைத் தூய்மை என்பதையும் அவர்களே விளக்க வேண்டும். தமிழ் எழுத்து வருகிறது. தமிழ் இலக்கணம் மட்டும் வரக்கூடாது. எழுத்தைக் கூலிக்கு அழைத்து அறிவை வெளியே நிறுத்தும் ஏற்பாடு இது.

ஒப்புமைகள் முழுமையானவை அல்ல என்பது உண்மை. பகுபதம் பெரிதும் வினைமுற்றையும் பெயரையும் நோக்கி அமைந்த கருவி. ஆங்கில வினையடை ஒட்டின்மேல் ஒட்டாக அடுக்கப்படுவது. இடைநிலைக்கு நிகரானது அங்கில்லை. அந்த வேறுபாடுகளையும் பிள்ளையே கண்டுபிடிக்க, ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை முதலில் வேண்டும்.

இதற்குப் புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. பல பள்ளிகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் தேநீர் அருந்துகின்றனர். தமிழ்த் தேர்வில் 'பகுபத உறுப்பிலக்கணம் தருக' என்ற வினா வரும் வாரத்திலேயே ஆங்கில வகுப்பில் நீண்ட வினையடைகளை எடுத்தால் போதும். தமிழ் விடைத்தாளில் வா, வ எனக் குறுகியது விகாரம் என்று எழுதிய கை, ஆங்கிலக் குறிப்பேட்டில் நேஷன் என்பதைச் சுற்றி வட்டமிடட்டும். பி.எட். பாடத்திட்டத்தில் தமிழ் கற்பித்தல், ஆங்கிலம் கற்பித்தல் என்னும் இரு தாள்களையும் எழுதுவோர் ஒருமுறையேனும் மற்றவர் தாளைத் திறந்து பார்க்கட்டும். 'அசை' என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒலியசை என்று திருத்த ஒரு பென்சில் போதும்.